படுத்திருந்த அணி

சுண்டுவைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு விடுதிப் படிகளில் இறங்கினார்கள். தலைப்பக்கம் இருவர், கால்பக்கம் இருவர், வழியை ஒதுக்க முன்னால் ஒருத்தி. கழுத்துவரை போர்வை. குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த வார்டன் அதைப் பார்த்ததும் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டாள்.

"ஐயையோ, யாருடி அது? எப்ப?"

"சாவு இல்ல மேடம். ஹைட் எடுக்கப் போறோம்," என்றாள் முன்னால் நடந்தவள்.

வார்டன் கிட்டே வந்து போர்வையை எட்டிப் பார்த்தாள். சுண்டு படுத்தபடியே ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

"சிரிக்க வச்சிடாதீங்க மேடம். சுருங்கிடுவேன்."

சுண்டுவிரலிலிருந்து வந்த பெயர் அது. வாலிபால் அணியில் அவள்தான் செட்டர். பின்னாலிருந்து எவ்வளவு தாறுமாறாகப் பந்து வந்தாலும் விரல் நுனிகளில் வாங்கி, வலைக்கு மேலே, அடிக்கிறவளின் கை வந்துசேரும் இடத்தில் ஆணியடித்து மாட்டியதுபோல நிறுத்துகிறவள். அடிக்கிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும். செட்டருக்கு விரல் வீங்கும். அந்த விரல்களைப் பார்த்துத்தான் கல்லூரி அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடமும் விடுதியில் ஒரு கட்டிலும் கொடுத்திருந்தது. அணியிலிருந்து போனால் இடம் போகும், கட்டில் போகும், படிப்பும் போகும். அப்புறம் அக்கா நிற்கிற ஜவுளிக் கடையில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டியதுதான்.

நிற்பது என்றால் வெறுமனே சொல்லும் சொல் இல்லை. அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. ஸ்டூல் கிடையாது. சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா இறந்த வருஷம் அக்கா பள்ளிக்கூடத்தை முடித்தாள், நல்ல மார்க்கும் வாங்கினாள், அடுத்த வாரமே கடையில் போய் நின்றாள். தங்கச்சியாவது உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் நின்றாள். இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

வம்பு போன வருஷ இறுதி ஆட்டத்தில் ஆரம்பித்தது. கடைசிப் பந்து, ஒரு கிழவி தெருவைக் கடக்கிற வேகத்தில் வந்தது. பின்வரிசையில் நின்ற இரண்டு நெட்டைப் பெண்களுக்கு நடுவே வந்தது. நீ எடுப்பாய் என்று இவள் நின்றாள். நீ எடுப்பாய் என்று அவள் நின்றாள். பந்து இருவருக்கும் மரியாதை செய்துவிட்டு நடுவில் விழுந்தது. அரங்கமே அதைப் பார்த்தது.

கல்லூரி விசாரணைக் குழு அமைத்தது. குழுவில் இருந்த யாரும் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அது நடுநிலைமைக்கு நல்லது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அணியின் குழுப் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாத் தலையும் ஒரே வரிசையில் இருக்க, ஓரிடத்தில் மட்டும் பல் விழுந்த வாய்போலப் பள்ளம். பள்ளத்துக்கு அடியில் சுண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தோல்விக்கான காரணம் கிடைத்துவிட்டது.

உடற்கல்வி டைரக்டர் மேடம் அணியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பந்து எங்க போகுது? மேல. அப்ப ஆளு எங்க இருக்கணும்? மேல. இது புரியறதுக்கு ஒரு குழு போட வேண்டியதாப் போச்சு."

"மேடம், அந்தப் பந்து கீழதான் விழுந்துச்சு," என்றாள் சுண்டு.

"அதைத்தான் நானும் சொல்றேன். மேலயே பிடிச்சிருந்தா கீழ விழுந்திருக்குமா?"



டைரக்டர் மேடத்தின் அறைச் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று போட முடிவாயிற்று. கோட்டைத் தலையால் தொடாதவள் அணியில் இருக்க முடியாது. எவ்வளவு உயரத்தில் போடுவது என்று கூட்டத்துக்குமேல் கூட்டம் போட்டார்கள். கடைசியில் பெயின்டர் வந்து பார்த்து, சுவரில் சுவிட்சுப் பெட்டி இடிக்கிறது, அதற்கு மேலேதான் போட முடியும் என்றார். அப்படியே போட்டார். அதுவே சர்வதேசத் தரம் என்று மறுநாள் அறிவிப்புப் பலகையில் வந்தது.

அன்று மாலை பயிற்சி முடிந்த கையோடு அளந்தார்கள். சுண்டுவின் உச்சிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது. டைரக்டர் மேடம் அந்த இடத்தில் தன் விரலையே வைத்துப் பார்த்தார்.

"காலையில வா. கடைசித் தடவை. அதுக்குள்ள ஏதாவது பண்ணு."

வளர்வதற்கு ஓர் இரவு கொடுத்தது அந்தக் கல்லூரி. அதைக் கருணை என்றே எல்லோரும் சொன்னார்கள்.

அறைத்தோழியின் பட்டப்பெயர் கொக்கு. அணியிலேயே நெட்டை, சுண்டு தூக்கிக் கொடுக்கும் பந்தை அடிக்கிறவள். பிசியாலஜி படிக்கிறவள். சுண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பதைக் கண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அழுது தொலைக்காதடி. காலையில எந்திரிச்ச உடனே எல்லாருமே கொஞ்சம் ஒசரம்தான். முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கும். படுத்தா ஊறி உப்பும். நடந்தா, குதிச்சா அமுங்கிடும். சாயங்காலம் குதிச்சிட்டுப் போய் நின்னா எப்படிடி பத்தும்?"

"அப்ப காலையில நடந்துதானே அந்த ரூமுக்குப் போகணும்?"

"நீ ஏன் நடக்கறே?" என்றாள் கொக்கு.

அப்படித்தான் பெஞ்சு வந்தது. டைரக்டர் மேடத்தின் அறையில், அலமாரியை நிமிர்த்துவதுபோல அவளைப் பெஞ்சோடு சுவரில் சாய்த்து, பெஞ்சை மெல்ல உருவினார்கள். தலை கோட்டைத் தொட்டது.

"முடியை அமுக்கு," என்றார் டைரக்டர் மேடம். அமுக்கினார்கள். அப்போதும் தொட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஏன் பெஞ்சில் வந்தாய் என்று மேடம் கேட்டார். கொக்கு நல்ல பெண். கேட்ட கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. முதுகெலும்பு, மெத்தை, ஊறுவது, அமுங்குவது எல்லாம் சொன்னாள். மேடத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

ஒரு வாரத்தில் திட்டம் வந்துவிட்டது. பிரின்சிபால் தொடங்கி வைத்தார்.

"பிற கல்லூரிகள் தம் வீராங்கனைகளைக் குதிக்க வைத்து, ஓட வைத்து, நாள்தோறும் குள்ளமாக்கி வருகின்றன. அவர்களின் அறியாமைக்காக நான் வருந்துகிறேன். இந்தக் கல்லூரியில் இனி எந்தப் பெண்ணும் தன் உயரத்தை விளையாடி வீணாக்க அனுமதிக்க மாட்டோம். நான் வாலிபால் ஆடியதில்லை. அதனால்தான் என்னால் அதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது."

பலத்த கைதட்டல். அணிதான் கைதட்டவில்லை. மெத்தைகளில் நேராகப் படுத்திருந்தவர்களுக்குக் கையைத் தூக்க அனுமதியில்லை.

கூரை போட்ட உள்மைதானத்தில் வரிசையாக மெத்தை போட்டார்கள். வலையை இறக்கி, அதில் ஈரப் போர்வைகளைக் காயப்போட்டார்கள். கூரையிலிருந்து கயிற்றில் ஒரு பந்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பயிற்சி என்றால் அதைப் படுத்தபடி பார்ப்பது. "மனசால அடிங்க," என்று மேடம் மெத்தைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்வார். விசில் அடித்தால் இடப்பக்கம் புரள வேண்டும். இரண்டாம் விசிலுக்கு வலப்பக்கம். எழுந்து உட்கார்ந்தவள் பயிற்சிக்கு வராதவள். வகுப்புக்கும் அவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பின்பெஞ்சில் கிடத்தினார்கள். பாடம் நடத்துகிறவர்கள் முதலில் தயங்கினார்கள். அப்புறம், மற்ற மாணவிகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அக்கா சாப்பாட்டு இடைவேளையில் போன் பண்ணுவாள். அவள் பின்னால் கடையின் பாட்டுச் சத்தம் கேட்கும்.

"என்னடி பண்றே?"

"பயிற்சியில இருக்கேன்க்கா."

"மூச்சே வாங்கலையே?"

"படுத்திருக்கேன்."

"மெதுவாப் பேசு, யாராவது வந்து திட்டப்போறாங்க."

"எந்திரிச்சாதான் திட்டுவாங்க."

சுண்டு அதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை.

"நாள் பூராவுமா?" என்றாள் அக்கா.

"நாள் பூராவும். பைத்தியக்கார கும்பல்க்கா இது."

"மெத்தையிலயா?"

"ஆமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். சரி, கூப்பிடறாங்க," என்று வைத்துவிட்டாள்.

கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்தும் சம்மேளனம் எதையும் சும்மா விடுவதில்லை. முதலில், ஆட்டத்துக்கு முன் அளவெடுத்து, உயரமான அணிக்கு முதல் செட்டைக் கொடுத்துவிடுவது என்று விதி கொண்டுவந்தது. மற்றக் கல்லூரிகளும் மெத்தை வாங்கின. அப்புறம் இரண்டாம் செட்டும் அப்படியே போயிற்று. மிச்சமிருந்த செட்டுக்காக மட்டும் பந்து எதற்கு என்று கேள்வி வந்தபோது, சம்மேளனப் பார்வையாளர் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார்.

"பந்து உருண்டையா இருக்குங்க. அதனால அது எங்க வேணா போகுது. தகுதி இல்லாதவ கைக்கும் போகுது. டேப்பு அப்படி இல்ல. ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். இத்தனை வருஷமா ஒரு நல்ல விளையாட்டை இந்தப் பந்து கெடுத்துக்கிட்டு இருந்திருக்கு."

பந்து போயிற்று. நினைவுக்காகக் கூரையில் ஒன்று மட்டும் தொங்கினால் போதும் என்று அனுமதித்தார்கள்.

அரையிறுதி சுண்டுவின் கல்லூரி மைதானத்தில் நடந்தது. வலைக்கு இந்தப் பக்கம் ஓர் அணி, அந்தப் பக்கம் ஓர் அணி, எல்லோரும் மல்லாந்து. பார்வையாளர்களை மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். நடுவர் டேப்போடு ஒவ்வொருத்தியாகக் குனிந்து அளந்துகொண்டே வந்தார். இரண்டு அணிக்கும் இழைதான் வித்தியாசம் என்றார்கள். கொக்குவின் மெத்தை பந்துக்கு நேர் கீழே இருந்தது.

அந்தக் கயிறு எப்போதிருந்து பிரிந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கயிறு அறுந்தது. பந்து நேராகக் கொக்குவின் முகத்தை நோக்கி வந்தது. சுண்டு எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் படுத்தே இருந்திருப்பாள். பக்கத்து மெத்தையிலிருந்து எழுந்து, தாவி, கொக்குவின் மூக்குக்கு ஒரு சாண் மேலே விரல்களை விரித்துப் பந்தை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் கால் தானாகத் தரையை உதைத்தது. பந்து எழுந்து, வலைக்கு மேலே, மூலையில், வழக்கமாகக் கொக்குவின் கை வந்துசேரும் இடத்தில் போய் நின்றது.

அடிக்க யாருமில்லை. கொக்கு படுத்திருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் மெத்தையிலிருந்து தானாக மேலே எழுந்திருந்தது. பந்து இறங்கி, தரையில் தட்டி, தட்டி, ஓரமாக உருண்டு போனது. அந்தச் சத்தத்தை அந்த மைதானம் மறந்தே போயிருந்தது.

"குதிச்சிட்டா," என்றார் சம்மேளனப் பார்வையாளர், கொலையைக் கண்டவரைப்போல.

உடனே அளந்தார்கள். ஒரு விரல் குறைந்தது. அணி தோற்றது.

மறுநாள் காலை விசாரணை, மாலையில் பெற்றோரையோ பொறுப்பானவரையோ அழைத்துவர உத்தரவு. கொக்கு மட்டும் மேடத்திடம் போய், அவள் என் முகத்தைக் காப்பாற்றினாள் என்று சொன்னாள். "முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையே, அதை யாரு அளக்கறாங்க?" என்றார் மேடம். அவர் கேலி செய்யவில்லை. விளக்கம்தான் சொன்னார்.

அக்கா கடைச் சீருடையிலேயே வந்தாள். அரைமணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். செருப்பு வாரை அவிழ்த்துவிட்டிருந்தாள், கால் அதற்குள் அடங்கவில்லை. டைரக்டர் மேடத்தின் அறையில் பிரின்சிபாலும் உட்கார்ந்திருந்தார், ஒரு காலி நாற்காலியும் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு பழக்கப்படி சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க தங்கச்சி பண்ணின காரியத்தால இந்த நிறுவனத்தோட பேரு..." என்று ஆரம்பித்த டைரக்டர் மேடம் பாதியில் நின்றார். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவின் தலைக்குப் பின்னால் பார்த்தார். அங்கே இருக்க வேண்டிய சிவப்புக் கோடு தெரியவில்லை. அக்காவின் தலை அதை மறைத்திருந்தது.

"கொஞ்சம் நேரா நில்லுங்க."

"நேராத்தான் மேடம் நிக்கிறேன்."

"எப்பலேர்ந்து நிக்கிறீங்க?"

"காலையிலேர்ந்து. கடையில."

பிரின்சிபால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நாள் முழுக்க நின்ன பிறகும் கோட்டுக்கு மேல! அப்ப காலையில..." மேடம் ஓடிப்போய் அக்காவின் தலையில் அட்டையை வைத்துப் பார்த்தார்.

"வாலிபால் ஆடியிருக்கீங்களா?" என்றார் பிரின்சிபால்.

"இல்ல சார். பந்தைத் தொட்டதே இல்ல."

"ரொம்ப நல்லது. கெட்ட பழக்கம் எதுவும் இருக்காது. பள்ளிக்கூடம் முடிச்சீங்களா?"

"நல்லா முடிச்சேன் சார்."

சுண்டுவுக்கு அப்போதுதான் பேச்சு எங்கே போகிறதென்று உறைத்தது. "சார், அது என்னோட இடம்," என்றாள்.

பிரின்சிபால் அவளை வருத்தத்தோடு பார்த்தார். அந்த வருத்தம் உண்மையானது.

"பாரும்மா. இடம் விளையாட்டுக்காகக் கொடுத்தது. விளையாட்டுன்னா உயரம். உயரம் இப்ப உங்க அக்காகிட்ட இருக்கு. அப்ப இடம் யாருது? உன்கிட்டேர்ந்து நாங்க எதையும் பிடுங்கல. உன்கிட்ட இருந்தாத்தானே பிடுங்கறதுக்கு? உங்க குடும்பத்துக்குள்ளயே வச்சிருக்கோம். நன்றி சொல்லணும் நீ."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் சுண்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாக்கா, போலாம். இவங்களுக்குக் கழண்டு போச்சு. நாளைக்குக் கொக்குவைக் கூட்டிக்கிட்டு யாரையாவது பாத்துப் பேசறேன். வேற காலேஜுல கேட்டுப் பாக்கலாம்."

அக்கா வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல, பாதிவழியில் ஒருமுறை நின்று, படியில் உட்கார்ந்தாள். அவள் இப்படி உட்காருவதை சுண்டு பார்த்ததில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் கடையில் இருப்பாள்.

"அந்த மெத்தை நல்லா இருக்குமாடி?"

"என்னக்கா கேக்கறே?"

"நாள் பூராவும் படுத்திருக்கணும். எந்திரிச்சாத் திட்டுவாங்க. சாப்பாடு போடுவாங்க. படிப்பும் உண்டு. நீ பொய் சொல்லலையே?"

இல்லை என்று சுண்டு தலையாட்டினாள்.

"நான் சேந்துக்கறேன்டி," என்றாள் அக்கா.

"உனக்கு ஆடவே தெரியாதேக்கா!"

"ஆடத் தெரிஞ்ச உனக்கு அங்க என்னடி வேலை?"

"என் படிப்பு போயிடும். உனக்குப் புரியுதா? நான் உன் கடையில வந்து நிக்கணும்."

"புரியுது." அக்கா அவளைப் பார்க்காமல் சொன்னாள். "நான் படிக்கணும்னு ஆசைப்பட்டது நெசந்தான். ஆனா அதுக்காகன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் படுக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். மாவில் அழுத்தியதுபோலக் குழி விழுந்தது. சுண்டு அந்தக் குழியைப் பார்த்தாள். அது நிரம்பட்டும், நிரம்பியதும் திட்டலாம் என்று காத்திருந்தாள். உள்ளே யாரோ அலமாரியைத் திறந்து மூடினார்கள். மேடம் போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. குழி அப்படியே இருந்தது.

"சரி," என்றாள் சுண்டு.

ஜவுளிக் கடை சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க அக்கா அளவுக்கு ஒசரம் இல்லையேம்மா. மேல் தட்டு எட்டுமா?"

"குதிச்சு எடுத்துடுவேன் சார்."

"குதிக்கல்லாம் கூடாது. பக்கத்துல நிக்கற பொண்ணை எடுத்துத் தரச் சொல்லு. நீ நில்லு, போதும். சாயாம நில்லு."

அவள் நின்றாள். பரணில் ஏறி நிற்கும் ஆள் துணிக் கட்டுகளைக் கீழே போடுவான். மற்றப் பெண்கள் அதை மார்போடு அணைத்துப் பிடிப்பார்கள். சுண்டுவின் கை மட்டும் அவளைக் கேட்காமல் மேலே போகும். துணிக்கட்டை விரல் நுனிகளில் வாங்கி, மேசையின் அந்தக் கோடியில் நிற்கிறவளின் கைக்கு நேராக அனுப்பிவிடும். ஒருமுறை துணி பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, "அட!" என்றாள். சூப்பர்வைசர் கட்டை வாங்கிப் பிரித்து மடிப்பு கலைந்திருக்கிறதா என்று பார்த்தார். கலையவில்லை. இருந்தாலும் எச்சரித்துவிட்டுப் போனார்.

அக்காவிடமிருந்து முன்புபோல போன் வரவில்லை. சுண்டுதான் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவாள். பெரும்பாலும் கொக்கு எடுப்பாள்.

"தூங்குறாங்கடி. மேடத்துக்கு ஒரே பெருமை. வந்ததிலேர்ந்து இன்னும் அரை விரல் ஏறிட்டாங்க."

"படிக்கிறாளா?"

கேட்ட கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்கிறவள் கொக்கு. அன்று சொல்லவில்லை. "கால் வீக்கம் வத்திடுச்சுடி," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷக் கோப்பையை அந்தக் கல்லூரியே வாங்கியது. செய்தித்தாளில் படம் வந்திருந்தது. ஏணியில் ஏறி நின்று மேலிருந்து எடுத்த படம். வீராங்கனைகள் வரிசையாகப் படுத்திருக்க, தலைகளெல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. எங்கேயும் பள்ளம் இல்லை. எல்லோரும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்தார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் வாயைச் சற்றுத் திறந்து, கன்னம் ஒருபக்கம் சரிய, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். 'முழு ஆட்டக் கவனத்தில் புதிய செட்டர்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

சுண்டு படத்தை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அக்கா அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. வீட்டில் தூங்கும்போதுகூட அக்காவின் கால் யாரோ கூப்பிடப்போவதுபோல விறைத்தே இருக்கும். கோபப்பட வேண்டும் என்று தேடிப் பார்த்தாள். டைரக்டர் மேடத்தின்மேல் இருந்தது, பிரின்சிபால்மேல் இருந்தது, சுவிட்சுப் பெட்டியின்மேல்கூட இருந்தது. தேடிய இடத்தில் இல்லை.

காகிதத்தை மடித்துவிட்டுக் குனிந்தாள். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். நிரம்பியது. ஆனால் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அங்க என்ன குனியறே? நேரா நில்லு," என்றார் சூப்பர்வைசர்.